கடல் கடந்த காதற்கதைகள்

1939ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 15ஆம் நாள், அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலுள்ள அட்லாண்டா நகரில் ஒரு திரைப்படம் முதன்முதலாகக் காட்டப்பெற்றது. ஐரோப்பாவிலே இரண்டாம் உலகப் போர் மூண்டு அப்போது மூன்று திங்கள்களே ஆகியிருந்தன. ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடும் அப்படத்தின் பெயர் ‘கான் வித் தி விண்ட்’. மார்கரெட் மிச்சல் என்னும் பெண்மணி 1936இல் வெளியிட்ட நெடுங்கதையே அதற்கு மூலம். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரைப் பின்னணியாகக் கொண்டு, ஒரு பண்ணை முதலாளியின் மகளுடைய காதலையும் பிடிவாதத்தையும் அது கூறிற்று. அம்மகளாக நடித்த விவியன் லீ நமது டார்ஜிலிங்கில் பிறந்தவர் என்பதை நேயர்களில் சிலர் அறிந்திருக்கலாம்.

இப்படத்தைப் பற்றி ஈண்டு ஒன்றே சொல்லுதல் போதும். அதன் காதற்கதை கண்ணைப் பறித்தது. அப்பண்ணையில் பருத்தி பறித்த அடிமைகளின் துயரம் அக்கதையின் ஒளியில் மறைந்து போயிற்று. அடிமைப் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல் என்னும் கறுப்பின நடிகையார், அட்லாண்டாவில் நடந்த அம்முதற் காட்சிக்குச் செல்ல இயலவில்லை. நிறவேற்றுமைச் சட்டங்கள் தடுத்தன. மறு ஆண்டு அவருக்கே ஆஸ்கார் பரிசு கிடைத்தது. ஆனால் பரிசளிப்பு விழாவில் ஏனையோருடன் அன்றித் தனி மேசையிலேதான் அவர் இருத்தப்பெற்றார். 2020இல் ஓர் அமெரிக்க நிறுவனம் இப்படத்தைத் தனது ஒளிபரப்பினின்றும் சின்னாள் விலக்கிவைத்து, வரலாற்று விளக்கவுரை ஒன்றைச் சேர்த்தே மீண்டும் காட்டிற்று. காதலைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் அடிமைத்தனத்தைப் பார்ப்பதற்கு 80 ஆண்டுகள் வேண்டியிருந்தன!

நிற்க. அத்தகைய பெரும் படம் ஒன்று நம் தமிழருக்கும் உண்டு. அந்தமான் தீவைக் களமாகக் கொண்டு 1996இல் வெளிவந்த ‘சிறைச்சாலை’ என்பதே அது. பிரியதர்சன் இயக்கிய இப்படம் மலையாளத்தில் ‘காலாபானி’ என்ற பெயருடன் வந்தது. மோகன்லால், பிரபு, தபு ஆகியோர் நடித்தனர். இளையராசா இசை அமைத்தார். தமிழ்ப் பாடல்களை அறிவுமதி இயற்றினார். சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவும் சாபு சிரிலின் கலை அமைப்பும் நாட்டு விருதுகளைப் பெற்றன. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மனோரில் பலருக்கு அந்தமான் என்றவுடன் நினைவில் எழுவது இப்படத்துக் காட்சிகளே. மணக்கோலம் கலையுமுன் கணவனைச் சிறைக்குக் கொண்டுபோக, ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் பார்வதியை யார் மறப்பார்?

மொழிபெயர்ப்பே தொழிலாக உடைய நமக்கு இப்படத்தின் பெயர் மாற்றத்தில் ஒரு குறை உண்டு. ‘காலாபானி’ என்பது கருந்தண்ணீர். கடல் கடந்தால் சாதியும் உறவும் அற்றுப்போகும் என்ற அச்சத்தை உள்ளடக்கிய சொல். சிறைச்சாலை என்றால் வேலூரிலும் உண்டு, திருச்சியிலும் உண்டு. நம் பாட்டன்மார் ‘தீவாந்தர சிட்சை’ என்றனர். அச்சொல்லில் வடமொழி மிகுதி என்று குறை கூறலாம். எனினும் அதில் கடலின் தொலைவு கேட்கிறது. இன்று அச்சொல்லை அறிந்தாரும் அருகிவிட்டனர்.

படம் நிகழ்வதாகக் காட்டும் 1915ஆம் ஆண்டை ஒட்டிய காலம் உண்மையிலேயே போர்க்காலம். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய செய்தி தமிழருக்குப் புதிதன்று. ‘எம்டன்’ என்பது நம் வீட்டுப் பேச்சில் இன்றும் ஒரு சொல்லாக வாழ்கிறது. அக்கப்பல் அக்டோபர்த் திங்களின் பிற்பகுதியில் நிக்கோபாரின் நன்கௌரித் துறையில் ஒதுங்கி நிலக்கரி ஏற்றிக்கொண்ட பின்னரே பினாங்கைத் தாக்கிற்று என்பது பலர் அறியாதது. அடுத்த ஆண்டு லாகூர்ச் சதி வழக்கில் தண்டனை பெற்ற கெதர் இயக்கத்தினர் பலர் அந்தமானுக்கு அனுப்பப்பெற்றனர். ஆகவே கதை அமைந்த காலம் பொருத்தமானதே.

சிறையின் அமைப்பிலும் படம் பெரிதும் உண்மையோடு ஒட்டியே செல்கிறது. 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த அக்கட்டடம், நடுக்கோபுரம் ஒன்றிலிருந்து ஏழு சிறகுகள் விரிந்தாற்போல மூன்று அடுக்குகளாக எழுப்பப்பெற்றது. ஏறத்தாழ 700 அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒருவரே. ஓர் அறையின் வாயில் மற்றொரு சிறகின் முதுகையே நோக்கும். எதிரில் மனித முகம் தென்படாது. கட்டுதற்குரிய செங்கல் பர்மாவிலிருந்து வந்தது. கைதிகள் செக்கு இழுத்தனர்; நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தரவேண்டும் என்பது அளவு. செக்கு என்றதும் நம் உள்ளம் கோவைச் சிறைக்குச் சென்று வ. உ. சிதம்பரனார் முன் நிற்கும். 1908 சூலையில் அவருக்கு விதிக்கப்பெற்றது இரட்டை வாழ்நாள் நாடுகடத்தலே அன்றோ? மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தமையால் அவர் கோவையிலும் கண்ணனூரிலும் சிறையிருந்து 1912இன் இறுதியில் விடுதலையானார். குறையாதிருந்தால் கப்பலோட்டிய தமிழரும் கைதிக் கப்பலில் ஏறியிருத்தல் கூடும். அவருடைய மனைவியார் மீனாட்சி அம்மையார் கணவரின் விடுதலை வேண்டி அரசினருக்கு மனுச் செய்துகொண்டிருந்தார் என்பதையும் இங்கே நினைத்தல் தகும்.

படத்தின் முடிவிலே கொடிய சிறைத்தலைவனான டேவிட் பாரி கதைத்தலைவன் கையால் மாள்கிறான். வரலாற்றில் பாரி என்பவர் உண்மையாகவே இருந்தவர், அயர்லாந்து நாட்டவர். ஆனால் அவரை எந்தக் கைதியும் கொல்லவில்லை. பார்ப்போர் மனம் ஆறுதற்காகச் செய்த மாற்றம் இது. இதை நாம் பெருங்குறையாகக் கொள்ளவில்லை. நாடகத்துக்கு அத்துணை உரிமை உண்டு. நம் குறை வேறு. அந்தமான் மண்ணிலே உண்மையாக நிகழ்ந்த காதலும் மணமும் பிரிவும் இப்படத்தினும் பெரியவை. அவற்றைத் திரையில் காண்கின்றிலோம் என்பதே.

முதலாவது, லீபா என்பவளின் கதை. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர், மறு ஆண்டு மார்ச்சுத் திங்கள் 200 கைதிகளை ஜே. பி. வாக்கர் என்னும் அதிகாரியின் கீழ் அந்தமானில் இறக்கினர். கைதிகள் கூட்டங்கூட்டமாகக் காட்டுக்குள் ஓடினர். அப்பால் பர்மா இருக்கும் என்று நம்பினார்களாம்! பசியாலும், தீவின் பழங்குடியினர் அம்பாலும் மாண்டவர் போக, மீண்டு வந்தவருள் எண்பதுக்கும் மேற்பட்டோரை வாக்கர் தூக்கிலிட்டார். ஏப்ரலில் ஓடியவருள் ஒருவன் தூத்நாத் திவாரி, சிப்பாயாக இருந்தவன். அவனுடன் சென்றோர் அம்புக்கு இரையாக, அவன் மட்டும் காயங்களுடன் பிழைத்தான். அந்தமானியர் அவனைக் கொல்லாமல் தம்முடன் வைத்துக்கொண்டனர். காயத்துக்குச் செம்மண் பூசினர். தம் மொழி கற்பித்தனர். லீபா என்னும் பெண்ணையும் மணம் செய்து கொடுத்தனர். ஓராண்டுக்கு மேல் அவன் அவர்களுள் ஒருவனாக, ஆடையின்றிக் காட்டிலும் கடற்கரையிலும் திரிந்து வாழ்ந்தான்.

1859 மே மாதத்தில் அந்தமானியர் திரண்டு ஆங்கிலேயர் குடியிருப்பைத் தாக்க எழுந்தனர். தம் காடுகள் அழிவதைக் கண்டு அவர்கள் பொறுத்திலர். தாக்குதலுக்குச் சற்று முன்னே திவாரி அவர்களிடமிருந்து நழுவி, வாக்கரிடம் ஓடிச் செய்தி சொன்னான். மே 17ஆம் நாள் அபர்தீன் என்ற இடத்தில் வில்லும் அம்பும் ஏந்தி வந்த கூட்டம் கப்பற் பீரங்கியின் முன் சிதறிற்று. திவாரிக்கு 1860இல் மன்னிப்புக் கிடைத்தது. அவன் தாயகம் திரும்பினான். அவன் நழுவிய நாளில் லீபா கருவுற்றிருந்தாள்.

அதன்பின் லீபா என்ன ஆனாள், குழந்தை என்ன ஆயிற்று என்பதைப் பற்றி அரசாங்க ஏடுகள் கவலைப்படவில்லை. ஆனால் அவள் மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை எண்கள் சொல்லும். 1858இல் சில ஆயிரம் பேர் என மதிக்கப்பெற்ற பெரிய அந்தமானியர், அம்மையாலும் மேகநோயாலும் பிற தொற்றுக்களாலும் தேய்ந்து, 1961ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் 19 பேராக நின்றனர். திவாரி துரோகியா, தன் கூட்டத்துக் கைதிகளைக் காத்தவனா? அன்று அந்தமானியர் கையில் முதலில் மடிய இருந்தோர் விலங்கிட்ட இந்தியக் கைதிகளே என்பதால், இவ்வினாவுக்கு விடை எளிதன்று. நம் சொந்தக் கருத்து, அவன் சொல்லிய செய்தியை மன்னிக்கலாம். திரும்பிப் பாராது சென்றதை மன்னித்தல் அரிது.

இரண்டாவது கதை, திருமணச் சந்தையைப் பற்றியது. சந்தை என்று சொல்ல நாக்கூசுகிறது. ஆயினும் வேறு சொல் பொருந்தாது. கைதிகளாக வந்தோரில் பெண்களும் இருந்தனர். கணவனையோ குழந்தையையோ கொன்றதாகத் தண்டிக்கப்பெற்றோர் அவர்களுள் மிகுதி. அவர்களுக்கெனத் தனிச் சிறை ‘சவுத் பாயிண்ட்’ முனையில் இருந்தது. பத்தாண்டு போல நன்னடையில் கழித்த ஆண் கைதி, தன் கையால் உழைத்துத் தானே உண்ணும் உரிமைச் சீட்டுப் பெறுவான். பெண்ணுக்கு ஐந்தாண்டு போதும். அங்ஙனம் உரிமை பெற்ற ஆண்கள் குறித்த நாளில் அப்பெண் சிறைக்கு வருவர். மணத்துக்கு இசைந்த பெண்கள் வரிசையில் நிற்பர். ஒருவன் ஒருத்தியைச் சுட்டுவான்; இருவரும் சில சொற்கள் பேசுவர்; அவள் இசைந்தால் அதிகாரி ஏட்டில் பதிவு செய்வார். மேளமும் இல்லை, தாலி எடுத்துக் கொடுக்க மூத்தோரும் இல்லை.

இதனைக் கேட்டு முகஞ்சுளிப்போர் உளர். அன்றைய ஆங்கில அதிகாரிகளும் சுளித்தனர். ஆயினும் நேயர்கள் ஒன்றைக் கருத வேண்டும். ஊரில் அப்பெண்ணை எட்டு வயதில் யாருக்கோ கட்டிக்கொடுத்தபோது அவளை யார் கேட்டார்கள்? தீவுச் சிறையின் முற்றத்திலே, கொலைக் குற்றவாளி என்ற பெயருடன் நின்ற இடத்திலே, மாட்டேன் என்று சொல்லும் உரிமை முதன்முறையாக அவளுக்குக் கிடைத்தது. அதைப் பெரும் விடுதலை என்று புகழமாட்டோம். உழைப்புக்கும் குடிப்பெருக்கத்துக்கும் அரசு வகுத்த ஏற்பாடே அது. ஆனால் அவ்வேற்பாட்டினின்று ஒரு புதிய சமுதாயம் தோன்றிற்று. வங்காளத்தானும் பஞ்சாபியும் தெலுங்கரும் தமிழரும் கலந்து, தாய்மொழி மறைந்து, இந்துஸ்தானியே வீட்டுமொழியாயிற்று. ஊரில் ஒரே பந்தியில் உட்காராதவர் அங்கே ஒரே பாயில் உறங்கினர். அவர்கள் வழிவந்தோர் ‘லோக்கல் பார்ன்’, அதாவது மண்ணில் பிறந்தோர், என்னும் பெயரால் இன்றும் அங்கே வாழ்கின்றனர்.

1921இல் மலபாரில் எழுந்த மாப்பிள்ளைமார் கிளர்ச்சிக்குப் பின் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாப்பிள்ளைக் கைதிகள் வந்தனர். பலருடைய மனைவியரும் மக்களும் பின்னர்த் தாயகத்திலிருந்து வந்து சேர்ந்தனர். தெற்கு அந்தமானில் காலிகட், மன்னார்காடு, மஞ்சேரி, வண்டூர் என்ற ஊர்ப்பெயர்கள் அவர்கள் இட்டவை. வெளிமாநிலத்தில் வீடு கட்டி அதற்குத் தன் ஊர்ப் பெயரை வைக்கும் நம்மவர்க்கு அவர்கள் மனநிலையை விளக்க வேண்டுவதில்லை.

மூன்றாவது, காத்திருந்த ஒருத்தியின் கதை. படத்துப் பார்வதி கற்பனை. ஆனால் யசோதா கற்பனை அல்லர். 1909இல் நாடுகடத்தல் தண்டனை பெற்ற கணேச சாவர்க்கரின் மனைவியார் அவர்; வீட்டில் யேசு என்று அழைப்பர். கணவர் அந்தமானில், 1911இல் அவருடைய தம்பி விநாயகரும் அங்கேயே வந்து அடைபட்டார். ஆண்டுக்கு ஒரு கடிதம் என்பது சிறை விதி. அதுவும் அதிகாரி படித்த பின்னரே செல்லும். ஒறுப்பு நேர்ந்தால் அதுவும் இல்லை. ஆண்டுகள் பல சென்று 1919இல், உறவினர் நேரில் வந்து காணலாம் என்ற அனுமதி கிடைத்தது. விநாயகரின் மனைவியார் யமுனா கப்பலேறிச் சென்று கணவரைக் கண்டார். யசோதா செல்லவில்லை. அனுமதி கைக்கு வருமுன் அவர் இறந்துவிட்டார். மைத்துனரின் மனைவி மட்டும் வந்து நிற்பதைக் கண்டே கணேசர் செய்தியை உணர்ந்தார் என்பர். இசையும் வண்ணமும் இன்றி இக்காட்சியை உள்ளவாறே காட்டினால் போதாதா?

இனி இரண்டாம் உலகப் போர். இங்கே காதற்கதை சொல்லுதற்கு நமக்கு மனம் இல்லை. 1942 மார்ச்சு 23ஆம் நாள் சப்பானியப் படை தீவில் இறங்கிற்று. ஆங்கிலப் படை முன்னரே வெளியேறியிருந்தது. இறங்கிய சின்னாளிலே, வீட்டுக்குள் புகுந்த வீரர்களை நோக்கிக் காற்றுத் துப்பாக்கியால் சுட்ட சுல்பிகர் அலி என்ற இளைஞனை ஊரார் கண்ணெதிரே வதைத்துச் சுட்டுக் கொன்றனர். ஒற்றர் என்ற ஐயம் நோய்போலப் பரவிற்று. காலாபானி என்றே தம் பெயரோடு சேர்த்து எழுதிய பஞ்சாபிக் கவிஞரும் மருத்துவருமான திவான் சிங், முன்னாள் கைதிகள் அடைபட்ட அதே சிறையில் வதையுண்டு 1944 சனவரி 14ஆம் நாள் உயிர் நீத்தார்.

இதற்கு இரண்டு வாரம் முன்னரே நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவுக்கு வந்திருந்தார். 1943 டிசம்பர் 30ஆம் நாள் ஜிம்கானா திடலில் மூவண்ணக் கொடி ஏற்றினார். சிறையையும் சுற்றிக் காட்டினர். ஆனால் உள்ளே வதைபட்டுக்கொண்டிருந்த தம் நாட்டவரை அவர் காணாதவாறு சப்பானியர் பார்த்துக்கொண்டனர். தற்காலிக அரசின் சார்பில் தீவின் ஆட்சித் தலைவராக அவர் அனுப்பியது ஒரு தமிழரை. சென்னையைச் சேர்ந்த மருத்துவரும் இந்திய தேசிய இராணுவத்தின் உயர் அதிகாரியுமான ஆ. து. லோகநாதன் அவர். தமிழர் இவர் பெயரை மறந்தது வருந்தத்தக்கது. 1944 பிப்ரவரியில் வந்த லோகநாதனிடம் சப்பானியர் காவல் துறையை ஒப்படைக்க மறுத்தனர். கல்வித் துறை ஒன்றே அவர் கைக்கு வந்தது. பெயரளவில் தலைவர், கையிலே பள்ளிக்கூடங்கள்! உடல்நலமும் குன்றி, அவ்வாண்டின் பிற்பகுதியில் அவர் தீவை விட்டு நீங்கினார். 1945இல் சப்பானியர் அகன்ற பின் ஆங்கிலேயர் வந்து சேரும்வரை, ரங்கூன் நகரைக் கொள்ளையின்றிக் காத்து நின்ற இந்தியப் படைக்கு அவரே தலைமை தாங்கினார். அந்தமானில் செய்ய விடாததை அவர் ரங்கூனில் செய்து காட்டினார் எனலாம்.

போரின் கடைசித் திங்களில் தீவில் உணவு அற்றுப்போயிற்று. பயிர் செய்து பிழைக்கலாம் என்று சொல்லி நூற்றுக்கணக்கானோரைப் படகுகளில் ஏற்றி, அன்று ஹாவ்லாக் எனப்பட்ட தீவின் அருகே இரவில் கடலில் தள்ளினர். நீந்திக் கரை சேர்ந்தவரிலும் பெரும்பாலோர் பசியால் மாண்டனர். 1945 அக்டோபர் 9ஆம் நாள், நேதாஜி கொடி ஏற்றிய அதே ஜிம்கானா திடலில் சப்பானியர் சரணடைந்தனர். கைதிக் குடியிருப்பும் அவ்வாண்டோடு முடிவுற்றது. 2018 முதல் ஹாவ்லாக் தீவுக்கு ‘சுவராஜ் தீவு’ என்று பெயர். வெண்மணற் கரைக்குப் பெயர்பெற்ற அத்தீவுக்கு இன்று புதுமணத் தம்பதியர் திரளாகச் செல்கின்றனர். செல்லட்டும்; இளையோரின் மகிழ்ச்சியை நாம் கெடுக்க விரும்பவில்லை.

போர்ட் பிளேர் நகர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்குகிறது. சிறையின் ஏழு சிறகுகளுள் மூன்றே எஞ்சியுள்ளன. ஏனையவை நிலநடுக்கத்தாலும் போராலும் பின்னர் நேர்ந்த இடிப்பாலும் மறைந்தன. 1979 பிப்ரவரி 11 முதல் அது நாட்டு நினைவுச் சின்னம். அங்கே செல்லும் தமிழன்பர்கள் சிறையோடு நின்றுவிடாமல், ஹம்ப்ரிகஞ்ச் என்னும் சிற்றூருக்கும் ஒருமுறை செல்ல வேண்டுகிறோம். 1944 சனவரி 30ஆம் நாள், நேதாஜி புறப்பட்டுச் சென்ற ஒரு திங்களுக்குள், 44 இந்தியர் ஒற்றர் எனப் பழிசுமத்தப்பெற்று அங்கே ஒரு குழியின் முன் நிறுத்திச் சுடப்பட்டனர். அவருள் பலர் இந்திய விடுதலைக் கழகத்தில் உழைத்தோர். அவ்விடத்தில் ஒரு நினைவிடம் உள்ளது. திரைப்படக் கருவிகள் எவையும் அந்த வழியே போனதாகத் தெரியவில்லை, பேருந்து போகிறது.